கோட் மாறவில்லை, டெஸ்ட் மட்டும் ஏன் சிவப்பு? டெஸ்ட் மெஷினுக்கு பேக்கேஜ் ரெப்போ அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை மாலை, மடிவாளாவில் ஒன்பதே முக்காலுக்கு மதுரை பஸ். பெல்லந்தூரிலிருந்து ஏழரைக்காவது கிளம்பினால்தான் சில்க் போர்டைத் தாண்டிப் போய்ச் சேர முடியும் என்பது பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது, டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் பைப்லைன் சிவப்பு. பிரவுசர் டெஸ்ட் ஒன்றுவிடாமல் ஃபெயில். மத்தியானத்திலிருந்து யாரும் கோடில் கை வைக்கவில்லை. பத்தரை மணிக்குக் காரணம் தெரிந்தது: டெஸ்ட் ஓடும் மெஷின் ஒவ்வொரு முறையும் குரோமின் புதிய பதிப்பை இறக்கிக்கொள்கிறது, டெஸ்டுக்காக அதை இயக்கும் டிரைவரை மட்டும் யாரோ எப்போதோ ஒரு பழைய எண்ணில் கட்டிவைத்திருக்கிறார்கள். அன்று குரோம் ஒரு படி மேலே போய்விட்டது, டிரைவர் கீழேயே நின்றுவிட்டது. பஸ் போனது, நான் போகவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் டீமில் ஒரே ஒரு விதி வைத்தோம். டெஸ்ட் ஃபெயில் ஆனால் கோடில்தான் தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிய வேண்டும். அதற்கு டெஸ்ட் மெஷினுக்குள் போகும் ஒவ்வொரு பேக்கேஜும் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) எங்கிருந்து வருகிறது, எந்தப் பதிப்பு, யார் மாற்றினார்கள் என்பது நம் கையில் இருக்க வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அந்த விதியை நடைமுறைப்படுத்துகிற வேலைதான். உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கெடுப்பு

ரெப்போ சர்வர், அதாவது பேக்கேஜ்களைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும் சர்வர், போடுவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, வெளியிலிருந்து எதெல்லாம் உள்ளே வருகிறது என்று பட்டியல் போடுங்கள். பொதுவாக ஐந்து வாசல் இருக்கும். உபுண்டு, டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக வரும் சிஸ்டம் பேக்கேஜ், பைதானின் பிப் அல்லது ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் வழியாக வரும் லைப்ரரி, டாக்கர் இமேஜ் (தேவையானதெல்லாம் அடங்கிய அச்சு, அதிலிருந்து ஓடுவதுதான் கன்டெய்னர்), பிரவுசரும் அதன் டிரைவரும், கடைசியாக ஸ்கிரிப்டின் ஏதோ ஒரு மூலையில் கர்ல் கொண்டு இணையத்திலிருந்து இறக்கி நேராக பாஷுக்குள் ஊற்றி ஓட்டுகிற அந்த ஒரு வரி. ஐந்தாவது வாசலைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

ஸ்கிரிப்டைப் படித்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. டெஸ்ட் கன்டெய்னரை இணைப்பைத் துண்டிக்கும் டாக்கரின் நெட்வொர்க் நன் என்ற ஆப்ஷனோடு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் தடுக்கி விழுகிறதோ அங்கெல்லாம் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் முதல்முறை செய்தபோது, டெஸ்ட் ஓடும் நேரத்தில் ஒரு லைப்ரரி தன் மாடல் ஃபைலை இணையத்திலிருந்து இறக்குவது தெரியவந்தது. அதை எழுதியவருக்கே அது நினைவில்லை.

ஆப்ட் உள்ளே என்ன செய்கிறது

இது தெரியாமலே ஐந்து வருடம் ஓட்டியவன் நான், அதனால் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். ஆப்ட் ரெப்போ என்பது வெறும் வெப் சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே டிஸ்ட்ஸ் என்று ஒன்று, பூல் என்று ஒன்று. பூலில் டெப் ஃபைல்கள், அதாவது பேக்கேஜ்கள். டிஸ்ட்ஸில் அவற்றின் அட்டவணை. இன்ரிலீஸ் என்ற ஃபைலில் ஜிபிஜி கையொப்பம் (சாவி கொண்டு போடும் டிஜிட்டல் கையெழுத்து) இருக்கும், அதற்குள் பேக்கேஜஸ் என்ற அட்டவணையின் ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) இருக்கும், அந்த அட்டவணைக்குள் ஒவ்வொரு டெப் ஃபைலின் ஹேஷும் இருக்கும். ஒரு கையொப்பத்தைச் சரிபார்த்தால் மீதி எல்லாம் சங்கிலி போலச் சரிபார்க்கப்பட்டுவிடும்.

இது புரிந்தால் பாதிப் பிழைச் செய்திகள் தாமாகவே புரியும். ஹேஷ் சம் மிஸ்மேட்ச் வந்தால் அட்டவணை ஒரு நேரத்தையும் ஃபைல் இன்னொரு நேரத்தையும் சேர்ந்தவை. நடுவில் ஏதோ பிராக்ஸி பழையதைப் பிடித்துவைத்திருக்கும், அல்லது மிரர் (ரெப்போவின் நகல் சர்வர்) பாதி புதுப்பிப்பில் இருக்கும். நோ பப்கீ என்றால் கையொப்பத்துக்கான சாவி உங்களிடம் இல்லை. ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்தால் ரெப்போவைத் திட்டாதீர்கள், உங்கள் விர்ச்சுவல் மெஷினின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. 404, அதாவது ஃபைல் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் உங்களிடம் இருக்கும் அட்டவணை பழசு, அதில் எழுதியிருக்கும் ஃபைல் மேலே அழிக்கப்பட்டுவிட்டது.

இந்த 404 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிறையப் பேர் ஸ்கிரிப்டில் பேக்கேஜ் பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டுப் பதிப்பு எண்ணை எழுதிவிட்டு, பாதுகாப்பாகக் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். உபுண்டுவின் பொது மிரரில் அப்டேட்ஸ் பகுதியில் புதிய பதிப்பு வந்தால் பழையது எடுக்கப்பட்டுவிடும். மூன்று மாதம் கழித்து உங்கள் ஸ்கிரிப்ட் கேட்கும் எண் அங்கே இருக்காது, செட்டப் அப்படியே நின்றுவிடும். பதிப்பைக் கட்ட வேண்டுமானால் அந்தப் பதிப்பை வைத்திருக்கும் ரெப்போவும் நம்மிடம் இருக்க வேண்டும்.

டாக்கரிலும் இதே கதைதான். அப்டேட்டை ஒரு ரன் வரியிலும் இன்ஸ்டாலை அடுத்த ரன் வரியிலும் எழுதினால், முதல் வரியை டாக்கர் கேஷிலிருந்து எடுத்துவிடும், அட்டவணை போன மாதத்தது, ஃபைல் இல்லை, 404. இரண்டையும் ஒரே ரன் வரியில் சேர்த்து எழுதுங்கள்.

சாவியைச் சரியான இடத்தில் வையுங்கள்

பழைய வழிகாட்டிகள் எல்லாம் ஆப்ட்-கீ ஆட் என்று சொல்லும். செய்யாதீர்கள். அப்படிச் சேர்த்த சாவி எல்லா ரெப்போவுக்கும் செல்லும், அதாவது எங்கோ ஒரு சின்னக் கருவிக்காக நீங்கள் நம்பிய ஆள் உபுண்டுவின் அடிப்படை லைப்ரரியான லிப்சியையே மாற்றிக் கொடுத்தாலும் மெஷின் ஏற்றுக்கொள்ளும். டெபியன் 13-இல் அந்தக் கட்டளையே கிடையாது. சாவியை எட்சி, ஆப்ட், கீரிங்ஸ் ஃபோல்டரில் தனி ஃபைலாக வைத்து, அந்த ரெப்போவின் வரியில் மட்டும் சைன்ட்-பை என்று அதைக் காட்டுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உபுண்டு 24.04-இல் பழைய சோர்சஸ் டாட் லிஸ்ட் ஃபைல் கிட்டத்தட்டக் காலி. உண்மையான முகவரிகள் அதே ஃபோல்டரில் சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி என்பதற்குள் உபுண்டு டாட் சோர்சஸ் என்ற புதுவடிவ ஃபைலில் இருக்கும். டெபியன் 12 டாக்கர் இமேஜிலும் இதே ஏற்பாடு. பழைய ஃபைலில் மட்டும் நம் முகவரியைப் போட்டுவிட்டு, ஏன் இன்னும் வெளியே போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது. ஆப்ட்-கேஷ் பாலிசி என்று அடித்தால் எந்தெந்த முகவரி உயிரோடு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன முன்னுரிமை எண் என்று தெரிந்துவிடும். சாதாரண ரெப்போவுக்கு 500. ஆயிரமோ அதற்கு மேலோ கொடுத்தால் பதிப்பைக் கீழே இறக்கக்கூட ஆப்ட் தயாராகிவிடும், அதனால் அந்த எண்ணைத் தெரிந்து கொடுங்கள்.

கேஷ் வேண்டுமா, ஸ்னாப்ஷாட் வேண்டுமா

இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆப்ட்-கேஷர்-என்ஜி போன்றது கேஷ். 3142 போர்ட்டில் உட்கார்ந்து, ஒருமுறை இறக்கியதை மறுமுறை உள்ளிருந்தே கொடுக்கும். ரோட்டைத் தோண்டி ஃபைபரை அறுத்த நாளில் இதன் அருமை தெரியும். ஆனால் வெளியே பதிப்பு மாறினால் இதுவும் மாறிவிடும். வேகம் கிடைக்கும், உறுதி கிடைக்காது.

நமக்கு வேண்டியது ஸ்னாப்ஷாட், ஒரு நாளின் ரெப்போவை அப்படியே உறையவைத்த நகல். டெபியனுக்கு 2005-லிருந்து நாள்வாரியாகப் பழைய நிலையைத் தரும் ஸ்னாப்ஷாட் தளம் இருக்கிறது, உபுண்டுவுக்கும் இப்போது அப்படி ஒரு சேவை உண்டு. சின்ன டீம் என்றால் சோர்சஸில் ஒரு தேதியைப் போட்டுவிட்டு இதோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை. டெபியனில் பழைய தேதியைக் கேட்கும்போது செக்-வேலிட்-அன்டில் என்பதை அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் நோ என்று வைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் பழைய ரிலீஸ் ஃபைலின் ஆயுள் முடிந்திருக்கும். ஐம்பது ஜாப் ஒரே நேரத்தில் ஓடுகிற இடமென்றால் சொந்தமாக வைத்துக்கொள்வதே நல்லது. நான் பயன்படுத்துவது ஆப்ட்லி என்ற கருவி.

ஆப்ட்லியில் வேலை இப்படிப் போகும். முதலில் உபுண்டுவின் சாவியை டிரஸ்டட்கீஸ் என்ற கீரிங்கில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முதல் கட்டளையிலேயே கையொப்பம் தெரியவில்லை என்று நின்றுவிடும். பிறகு ஆப்ட்லி மிரர் கிரியேட். நோபல் (உபுண்டு 24.04-இன் செல்லப்பெயர்), நோபல்-அப்டேட்ஸ், நோபல்-செக்யூரிட்டி மூன்றுக்கும் தனித்தனி மிரர். முழுதாக இறக்கினால் பல பத்து ஜிபி போகும், அதனால் ஃபில்டர் கொடுத்து, ஃபில்டர்-வித்-டெப்ஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேவையான பேக்கேஜும் அது சார்ந்திருப்பவையும் மட்டும் வரும். டிஸ்க் தாராளமாக இருந்தால் ஃபில்டரே வேண்டாம் என்பேன், பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கும் அலுப்பு மிச்சம்.

அடுத்து மிரர் அப்டேட், அது முடிந்ததும் மூன்றுக்கும் ஸ்னாப்ஷாட் கிரியேட். பெயரில் தேதியைப் போடுங்கள், நோபல்-அப்டேட்ஸ்-20250604 என்பது போல. ஃபைனல், ஃபைனல்-2, புதுசு என்றெல்லாம் பெயர் வைத்தால் ஒரு மாதத்தில் நீங்களே அழுவீர்கள். மூன்றையும் ஸ்னாப்ஷாட் மெர்ஜ் கொண்டு ஒன்றாக்குங்கள், லேட்டஸ்ட் என்ற ஆப்ஷனை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஒரே பேக்கேஜ் இரண்டில் இருக்கும்போது வரிசையில் பின்னால் வருவது ஜெயிக்கும், அது பழைய பதிப்பாகவும் இருக்கலாம். நம் டீமே செய்த டெப் ஃபைல்கள் இருந்தால் ஆப்ட்லி ரெப்போ கிரியேட், ரெப்போ ஆட் என்று தனியாகப் போட்டு, அதன் ஸ்னாப்ஷாட்டையும் இந்த மெர்ஜில் சேர்த்துவிடலாம்.

கடைசியாக பப்ளிஷ் ஸ்னாப்ஷாட். இங்கே நம் சொந்த ஜிபிஜி சாவியால் கையொப்பம் போடப்படும். உருவாகும் பப்ளிக் ஃபோல்டரை என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மூலம் காட்டினால் ரெப்போ தயார். அடுத்த முறை புதிய ஸ்னாப்ஷாட்டுக்கு மாற பப்ளிஷ் ஸ்விட்ச், பிடிக்கவில்லையென்றால் பழைய பெயரைக் கொடுத்து அதே ஸ்விட்ச். ஆப்ட்லியில் எனக்குப் பிடித்ததே இந்த ஒரு கட்டளைதான்.

பிப், என்பிஎம்

பைதானில் சிஸ்டம் பைதானைத் தொடாதீர்கள். டெபியன் 12-லிருந்து பிப் இன்ஸ்டால் நேராக அடித்தால் எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்று மறுத்துவிடும். பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறதே என்று அதைப் போடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், அதன் பெயரைப் படித்தாவது பயப்பட வேண்டாமா? வென்வ், அதாவது தனி பைதான் சூழல், உருவாக்குங்கள். பிப்-கம்பைல் கருவியில் ஜெனரேட்-ஹேஷஸ் கொடுத்து எல்லாப் பதிப்பையும் ஹேஷோடு ஒரு ஃபைலில் எழுதிவைத்து, இன்ஸ்டால் செய்யும்போது ரிக்வயர்-ஹேஷஸ் போடுங்கள். யாரோ இடையில் ஃபைலை மாற்றினாலும் அது உள்ளே வராது.

என்பிஎம்மில் டெஸ்ட் மெஷினில் ஓட வேண்டியது என்பிஎம் சிஐ. என்பிஎம் இன்ஸ்டால் அல்ல. சிஐ என்பது நோட் மாட்யூல்ஸை அழித்துவிட்டு, பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் இருப்பதை அப்படியே வைக்கும், லாக் ஃபைலும் பேக்கேஜ் ஜேசனும் ஒத்துப்போகவில்லையென்றால் ஃபெயில் ஆகும். அந்த ஃபெயில் நமக்கு நல்லது.

லாக் ஃபைல் இருந்தால் போதுமே, ரெப்போ எதற்கு என்று கேட்கலாம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க பில்டுகள் உடைந்தன. லாக் ஃபைல் எழுதிவைத்திருப்பது பெயரும் எண்ணும் ஹேஷும்தான், பொருள் வேறு இடத்தில் இருக்கிறது. என்பிஎம்முக்கு வெர்டாச்சியோ, பைதானுக்கு டெவ்பை, எல்லாவற்றுக்கும் ஒரே இடம் வேண்டுமென்றால் நெக்சஸ் அல்லது ஆர்டிஃபேக்டரி. ஒருமுறை இவை வழியாக வந்தது நம்மிடமே தங்கிவிடும்.

உள் பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிப்பில் எக்ஸ்ட்ரா-இன்டெக்ஸ்-யூஆர்எல் போட்டால் அது நம் ரெப்போவையும் பொது ரெப்போவையும் சமமாகப் பார்த்து, எங்கே எண் பெரிதோ அதை எடுக்கும். நம் உள் பேக்கேஜின் பெயரில் வெளியாள் ஒருவர் 99 என்று ஒரு பதிப்பை ஏற்றினால் அதுதான் உள்ளே வரும். டிபென்டன்சி கன்ஃப்யூஷன் என்று 2021 பிப்ரவரியில் இது பெரிய செய்தியானது, பெரிய பெரிய நிறுவனங்களே மாட்டியிருந்தன. இன்டெக்ஸ்-யூஆர்எல் ஒன்றே ஒன்று மட்டும் போட்டு, அது நம் சர்வரைக் காட்டட்டும். என்பிஎம்மில் உள் பேக்கேஜ்களை ஒரு ஸ்கோப்புக்குள் (பெயருக்கு முன்னால் வரும் குழுப்பெயர்) வைத்து அந்த ஸ்கோப்பை நம் ரெஜிஸ்ட்ரிக்குத் திருப்புங்கள்.

டாக்கர் இமேஜ்

லேட்டஸ்ட் என்ற டேக்கை எழுதாதீர்கள், இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 3.12-ஸ்லிம் போன்ற டேக்கும் அசையும், அதே பெயரில் வேறு இமேஜ் வரலாம். இமேஜின் ஹேஷான ஷா256 டைஜஸ்ட்டைக் கொண்டு கட்டினால்தான் அசையாது. 2020 நவம்பரில் டாக்கர் ஹப், லாகின் இல்லாமல் இழுப்பவர்களுக்கு ஒரு ஐபி முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 என்று வரம்பு வைத்தது. ஆபீஸ் முழுக்க ஒரே ஐபி வழியாக வெளியே போகிறது என்பதால் காலை பதினொரு மணிக்கே தீர்ந்துவிடும். உள்ளே ஒரு ரெஜிஸ்ட்ரி வைத்து, தேவையான இமேஜ்களை ஏற்றிவிடுங்கள்.

பிரவுசர்

என் பஸ்ஸைத் தவறவிட வைத்தவர் இவர்தான். கூகுளின் ஆப்ட் ரெப்போவில் குரோமின் அப்போதைய பதிப்பு மட்டும்தான் இருக்கும். உபுண்டுவில் ஆப்ட் மூலம் குரோமியம் போட்டால் வருவது ஸ்னாப் என்ற வேறு நிறுவல் முறையை அழைக்கும் வெற்றுக் கூடு, கன்டெய்னருக்குள் அது ஓடாது. 2023-லிருந்து கூகுள் குரோம் ஃபார் டெஸ்டிங் என்று தனியாகத் தருகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, 115-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் அதே எண்ணில் டிரைவர் இருக்கும். இரண்டு ஜிப்பையும் இறக்கி நம் சர்வரில் வைத்துவிட்டால் கதை முடிந்தது.

பிரவுசர் டெஸ்ட் கருவியான செலினியத்தில் 4.6-லிருந்து செலினியம் மேனேஜர் டிரைவரைத் தானே தேடி இறக்கிவிடும். லேப்டாப்பில் வரம். டெஸ்ட் மெஷினில் அது நாம் அடைத்த வாசலை மறுபடி திறக்கிறது, அதனால் டிரைவர் இருக்கும் பாதையை நாமே காட்டிவிட வேண்டும். அதே வகைக் கருவியான பிளேரைட் பயன்படுத்துபவர்களுக்கு ஒவ்வொரு பிளேரைட் பதிப்பும் தனக்குரிய பிரவுசரோடு வரும், பிளேரைட் இன்ஸ்டால் வித்-டெப்ஸ் என்பதை இமேஜ் செய்யும்போதே ஓட்டிவிடுங்கள், டெஸ்ட் ஓடும்போது அல்ல.

அப்புறம் எழுத்துரு. எங்கள் ஆப்பில் கன்னடமும் தமிழும் உண்டு. ஸ்கிரீன்ஷாட் ஒப்பிடும் டெஸ்ட் எல்லாம் பச்சை, ஆனால் படத்தைத் திறந்து பார்த்தால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக. அடிப்படைப் படமே கட்டங்களோடு எடுக்கப்பட்டது, கட்டமும் கட்டமும் ஒத்துப்போயின! மெலிதான இமேஜ்களில் இந்திய எழுத்துரு எதுவும் இருக்காது. தமிழுக்கான லோஹித், கன்னடத்துக்கான லோஹித் இரண்டையும், அல்லது மொத்தமாக ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோரை செட்டப்பில் சேருங்கள். அதன் பதிப்பும் மாறக்கூடாது, இல்லையென்றால் ஒரு பிக்சல் நகர்ந்து எல்லாம் சிவப்பாகும்.

செட்டப் குறிப்பு ஸ்கிரிப்டாக இருக்கட்டும்

பக்கம் பக்கமாக எழுதிய ரீட்மீயை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, எழுதியவரும் புதுப்பிப்பதில்லை. ரீட்மீயில் ஒரே வரி: இந்த ஸ்கிரிப்டை ஓட்டு. மீதி ஸ்கிரிப்டுக்குள். ஏன் இப்படிச் செய்தோம் என்பதை அந்தந்த வரிக்கு மேலே கமென்டாக எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் ஒன்றும் ஆகாது.

முதல் வரியில் செட், அதோடு ஈ, யூ, பைப்ஃபெயில் மூன்றும். நடுவில் ஒன்று தோற்றால் அங்கேயே நிற்க வேண்டும், தோற்றதை மறைத்துக்கொண்டு கடைசிவரை ஓடிப் பச்சை காட்டக் கூடாது. ஆப்ட் வேண்டாம், ஆப்ட்-கெட் எழுதுங்கள், முன்னது மனிதர்களுக்கானது, தன் வடிவம் மாறலாம் என்று அதுவே எச்சரிக்கும். டெபியன் ஃபிரன்ட்எண்ட் என்ற மாறிக்கு நான்இன்டராக்டிவ் என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் டிஇசட்-டேட்டா பேக்கேஜ் நீங்கள் எந்தக் கண்டம், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் ராத்திரி முழுக்கக் காத்திருக்கும். நோ-இன்ஸ்டால்-ரெகமென்ட்ஸ் சேர்த்தால் கேட்காத பேக்கேஜ்கள் வராது. புதிதாகப் பிறந்த விர்ச்சுவல் மெஷினில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும், லாக் கிடைக்கவில்லை என்று செட்டப் விழும், அதற்கு டிபிகேஜி லாக் டைம்அவுட்டை 120 வினாடி என்று வையுங்கள், ஸ்லீப் போட்டு ஜோசியம் பார்க்க வேண்டாம்.

நேர மண்டலத்தையும் சொல்லிவிடுங்கள். கன்டெய்னர் யுடிசியில் இருக்கும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இன்றைய தேதியைச் சரிபார்க்கும் டெஸ்ட் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் மட்டும் தோற்கும், பகலில் எத்தனை முறை ஓட்டினாலும் ஜெயிக்கும். ஏசியா, கொல்கத்தா என்று வைப்பீர்களோ யுடிசியிலேயே விடுவீர்களோ, ஸ்கிரிப்டில் எழுத்தில் இருக்கட்டும்.

ஸ்கிரிப்டை இரண்டாவது முறை ஓட்டினாலும் ஒன்றும் கெடக்கூடாது. கடைசி வரிகளில் நிறுவிய எல்லாவற்றின் பதிப்பையும் ஒரு ஃபைலில் எழுதிச் சேமியுங்கள், நேற்றைய ஃபைலோடு டிஃப் போட்டால் என்ன மாறியது என்று ஒரு நொடியில் தெரியும். பத்தரை மணி வரை நான் தேடியது இந்த ஒரு டிஃப்பைத்தான்.

இந்த ஸ்கிரிப்டுக்கும் டெஸ்ட் வேண்டும். தினமும் ராத்திரி வெறும் உபுண்டு இமேஜில், எந்தக் கேஷும் இல்லாமல், நம் ரெப்போவைத் தவிர வெளியே எங்கும் போக முடியாத நெட்வொர்க்கில் ஓட்டுங்கள். புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளே கண்டுபிடிப்பார் என்று விட்டுவிடாதீர்கள், பாவம்.

எப்போது புதுப்பிப்பது

கட்டிவைத்துவிட்டு மறந்துபோவது அடுத்த ஆபத்து. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது, கட்டிவைத்த பதிப்பை உடனே மாற்ற முடியாதவர்கள் ராத்திரி பகலாக ஓடினார்கள். மறுபக்கம், 2024 மார்ச்சில் ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருந்தது தெரிந்தபோது, டெபியன் டெஸ்டிங் என்ற முன்னோட்டப் பிரிவில் சுடச்சுட எடுத்தவர்கள் மாட்டினார்கள், ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனவே நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம்: புதன்கிழமை காலை புதிய ஸ்னாப்ஷாட், மாறாத கோடை அதன் மேல் ஓட்டிப் பார்ப்பது, பச்சை என்றால் ஸ்விட்ச், சிவப்பு என்றால் பழையதிலேயே இருந்துகொண்டு காரணம் தேடுவது. செக்யூரிட்டி அவசரம் என்றால் புதனுக்குக் காத்திருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் ஸ்விட்ச் அடிக்கக் கூடாது, காரணம் மேலே இருக்கிறது.

ஆயுள் முடிந்த சிஸ்டத்தையும் குறித்துவையுங்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் 2024 ஜூன் 30-இல் முடிந்தது, வழக்கமான மிரர் முகவரிகள் நின்றுபோய், பேக்கேஜ்கள் வால்ட் என்ற தனி இடத்துக்குப் போயின. பழைய வாடிக்கையாளருக்காக அதில் டெஸ்ட் ஓட்டுபவர்கள் சொந்தமாக ஒரு மிரர் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

டிஸ்க் நிறைந்து ரெப்போ சர்வரே படுத்துவிட்டால் இத்தனையும் வீண். மாதம் ஒருமுறை, வாடிக்கையாளரிடம் போன ரிலீஸுக்கு உரிய ஸ்னாப்ஷாட்டுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஆப்ட்லி ஸ்னாப்ஷாட் டிராப் கொண்டு நீக்குங்கள். அதோடு விட்டால் இடம் திரும்பாது, டிபி கிளீன்அப் ஓட்டினால்தான் ஃபைல்கள் உண்மையில் அழியும். எது எந்த ரிலீஸுடையது என்று பெயரில் இருக்கும் தேதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.